ஊசியும் செருகலும்: கிரேக்கப் பெண்டிர் உடையும் மும்பைத் தமிழ்ப் பெண்டிர் புடவைக்கட்டும்

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயத்தில் 2023 டிசம்பரில் ஒரு கண்காட்சி தொடங்கியது. இந்திய, எகிப்திய, அசீரிய, கிரேக்க, உரோமானியச் சிற்பங்கள் அதில் அருகருகே வைக்கப்பட்டன. பண்டைக் கிரேக்கப் பெண் உருவத்தின் முன் நிற்கும் தமிழர் எவருக்கும் முதலில் தோன்றுவது ‘இது புடவை’ என்பதேயாம். தோளிலிருந்து வழியும் மடிப்பும், இடையில் திரளும் துணியும், காலடியில் விழும் கொசுவமும் கல்லில் அவ்வாறே நிற்கின்றன. இவ்வொற்றுமையை அடிப்படையாகக் கொண்டு, இந்தியப் பெண்டிர் தோளில் துணியிடும் வழக்கமே யவனர்வழிக் காந்தாரம் புகுந்து பிறகு நாடெங்கும் பரவியதென்று கூறுவாரும் உளர். இக்கருத்துத் தமிழகத்தைப் பொறுத்தவரை எவ்வளவு பொருந்தும் என்பதையும், அவ்விரு உடைகளுக்கும் உண்மையான ஒப்புமை எங்கே உள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதற்கு மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய தமிழர் வாழிடங்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. புடவைக்கட்டின் பல வகைகள் ஒரே நகரில் எதிர்ப்பட்ட இடங்கள் அவை.

கிரேக்க உடையின் இயல்பு

பண்டைக் கிரேக்கப் பெண்டிர் உடைகளுள் மூன்று முதன்மையானவை. பெப்லோஸ் என்பது கம்பளித் துணி. நாற்கோணமான அத்துணியின் மேல்விளிம்பை வெளிப்புறமாக மடித்து, உடலைச் சுற்றி வைத்து, இரு தோள்களிலும் நீண்ட ஊசிகளால் பொருத்துவர். மடித்த பகுதி மார்பின்மேல் ஓர் இரட்டைத் திரைபோலத் தொங்கும். ஒரு பக்கம் திறந்தே இருக்கும். சுபார்த்தாப் பெண்டிர் அதனை இடைக்கச்சும் தையலும் இன்றி அணிந்தமையால், பிற கிரேக்கர் அவர்களைத் ‘தொடை காட்டுவோர்’ என்னும் பொருளில் ஏளனம் செய்தனர். இரண்டாவதாகிய கிட்டோன் மெல்லிய ஆளிநார்த் துணியாலானது. பெப்லோஸினும் அகலமுடைய இதன் பக்கத்தைத் தைத்துவிடுவர்; தோளிலிருந்து முழங்கை வரை மேல்விளிம்பைச் சிறுசிறு பொத்தான்களால் இணைக்கும்போது அது கைபோலத் தோன்றும். இவற்றின்மேல் போர்த்தப்படும் கம்பளித் துணியே ஹிமாட்டியோன். இதற்கு ஊசியும் இல்லை, கச்சும் இல்லை. தோளும் கையும் பிடித்த பிடியிலேயே நிற்கும். உள்ளே மார்பைக் கட்டும் பட்டைக்கு ஸ்ட்ரோஃபியோன் என்று பெயர். நம் இலக்கியம் கூறும் ‘கச்சு’ இதற்கு மிக நெருங்கியது.

இவற்றுள் நம் புடவையை ஒத்தது எது? கண்ணுக்கு ஹிமாட்டியோன் ஒத்திருக்கிறது. ஆயின் அது மேற்போர்வையே. இடையில் கட்டும் உடை அன்று. பெண்ணின் அடிப்படை உடையாகிய பெப்லோஸும் கிட்டோனும் தோளிலிருந்து தொங்குகின்றன. புடவையோ இடையைப் பற்றி நிற்கிறது. தோளுக்கு வருவது அதன் எச்சமே. முன்தானை என்னும் சொல்லே இதனைக் காட்டும். தானை என்பது துணி. அதன் முற்பகுதி தோளுக்குச் செல்கிறது. கிரேக்க உடையில் தோள் ஊசியைக் கழற்றினால் உடை முழுவதும் வீழும். புடவையில் முன்தானை சரிந்தாலும் கட்டு நிற்கும்.

தறியும் கட்டும்

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் இரசனையன்று, தறியே என்பது இக்கட்டுரையின் கருத்து. கிரேக்கத் தறி சுவரிற் சாய்த்து நிறுத்தப்பட்டது. பாவு நூல்கள் மேற்குறுக்குக் கட்டையிலிருந்து தொங்கும். அவற்றின் நுனியில் சுட்ட மண் அல்லது கல்லாலான எடைகளைக் கட்டுவர். கியூசி அருங்காட்சியகத்திலுள்ள, ஏறத்தாழக் கி.மு. 440ஐச் சார்ந்த மட்கலம் ஒன்றில் பெனலோப்பி இத்தகைய தறியின்முன் அமர்ந்திருக்கக் காணலாம். நெய்பவள் தறிக்கு முன்னே அங்குமிங்கும் நடந்து நெய்ய வேண்டும். ஆதலின் துணி மிக்க அகலமுடையது. அதன் நீளம் பெரும்பாலும் ஆள் உயரத்தை ஒட்டியதே. அகலமும் குறுநீளமும் உடைய கனத்த கம்பளி தோளிலிருந்து தொங்கவிடுவதற்கே இயல்பாகப் பொருந்துகிறது.

தமிழகத் தறி தரையை ஒட்டியது. பாவை நீளவாக்கில் விரித்துக் கஞ்சியிட்டு ஆற்றுவதற்கென்றே நெசவாளர் ஊர்களில் பாவடித் தெருக்கள் உண்டு. தெருவின் நீளமே பாவின் நீளம். நெய்பவர் அமர்ந்த இடத்திலிருந்து இரு கையும் எட்டும் அளவே துணியின் அகலம், நீளத்திற்கோ எல்லையில்லை. எனவே ஒன்றேகால் மீட்டருக்கு உட்பட்ட அகலமும், ஐந்து முதல் எட்டு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடைய பருத்தித்துணி கிடைத்தது. இடையிலிருந்து பாதம் வரை மறைக்க அவ்வகலம் போதும். மிகுந்த நீளத்தைச் சுற்றியும் கொய்தும் செருகியும் அடக்க வேண்டும். கொசுவம் பிறந்தது இதனாலேயாம். கொய்சகம் என்னும் பழஞ்சொல்லே கொசுவமாயிற்று என்பர். கொய்தல் என்னும் வினை அதனுள் இருக்கிறது. பருத்தி மடிப்பை ஏற்று நிற்கும். கம்பளி அவ்வாறு நில்லாது.

தமிழில் துணியைக் குறிக்கும் சொற்கள் பலவும் தறியிலிருந்து அறுத்தலைச் சுட்டுவன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. துணி, துண்டு, அறுவை, கூறை ஆகிய நான்கும் அத்தகையன. தறியிலிருந்து ஒருமுறை அறுபட்ட துணி பிறகு கத்தரியைக் காணாது. மாறாகத் தைத்த உடையைத் தமிழர் வியப்போடு நோக்கினர். முல்லைப்பாட்டு யவனக் காவலரை அறிமுகப்படுத்தும்போது அவர்கள் அணிந்ததை ‘மெய்ப்பை’ என்கிறது. உடம்பு புகுந்த பை, அதாவது சட்டை. யவனர் உடையிற் புலவர் கண்ட புதுமை, போர்த்திய துணியன்று, தைத்த பை. அவர் கண்டோர் ஆடவர், அதிலும் போர்வீரர் என்பது உண்மையே. எனினும் யவனருடைய சுற்றுடை தமிழர்க்கு ஒரு புதுமையாகத் தோன்றிய செய்தி சங்க நூல்களில் இல்லை. அரசனாயினும் வேடனாயினும் உடுப்பவை இரண்டே என்னும் கருத்தமைந்த நக்கீரர் புறப்பாட்டு, மேலும் கீழுமாக இரு துணி உடுத்தல் இங்கே பொதுவழக்காக இருந்ததைக் காட்டும்.

யவனர் கண்ட மேற்குக் கரை

மும்பைக் கரைக்கு யவனர் புதியவர் அல்லர். பெரிப்ளஸ் என்னும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கடற்பயண நூல், மும்பையை அடுத்த கல்யாணைத் துறைமுகமாகக் குறிப்பிட்டு, அங்கே நுழையும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பாருகச்சத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன என்கிறது. அந்நூலே முசிறியில் இறக்கப்பட்ட பொருள்களுள் ஆடையும் உண்டு, ஆயின் மிகுதியன்று என்று கூறுகிறது. உறையூரெனக் கொள்ளப்படும் ஆர்காரு என்னும் ஊரின் மெல்லிய துணியோ அவ்வூர்ப் பெயராலேயே அங்கு அறியப்பட்டது. செங்கடற் கரையிலுள்ள பெரனிகே அகழாய்வில் இந்தியப் பருத்தித் துணிகள் கிடைத்துள்ளன. துணி பெரிதும் இங்கிருந்து அங்கே சென்றதேயன்றி அங்கிருந்து இங்கே வரவில்லை.

இதனினும் வலிய சான்று மும்பையிலிருந்து புணே செல்லும் வழியில் உள்ளது. கார்லே குடைவரையின் தூண்கள் சிலவற்றை அளித்தோர் தம்மை யவனர் என்று கல்வெட்டில் பொறித்துள்ளனர். அதே குடைவரையின் முகப்பில் ஆண்பெண் இணைகள் புடைப்புருவங்களாக நிற்கின்றன. அப்பெண்டிர் இடையிலே மெல்லிய துணியும் மேகலையும் அணிந்துள்ளனர். தோளில் ஊசியும் இல்லை, தொங்கும் மேல்மடிப்பும் இல்லை. யவனர் பொருள் கொடுத்த இடத்திலும் கிரேக்க உடை கல்லில் ஏறவில்லை. காந்தாரத்தின் நிலை வேறு. அங்கே கிட்டோன் அணிந்த பெண்ணுருவங்கள் உண்டு. கிரேக்கத் தெய்வமாகிய அதீனாவின் சாயலும் உண்டு. வடமேற்கில் நிகழ்ந்ததை விந்தியத்திற்குத் தெற்கே ஏற்றிக் கூறுவதற்குச் சான்று போதாது.

ஊசி வந்த வழி

ஆயினும் கிரேக்க உடையின் உறுப்பாகிய ஊசி இன்று புடவையில் உள்ளது. செம்பூரிலிருந்து காலையில் புறநகர்த் தொடர்வண்டி ஏறும் பெண்ணின் தோளில் முன்தானை ஊக்கினால் பொருத்தப்பட்டிருக்கும். இஃது எப்போது வந்தது? விடை கிரேக்கத்தில் இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டு மும்பையில் இருக்கிறது.

இந்தியர்களுள் முதன்முதலாக ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற சத்தியேந்திரநாத் தாகூர் 1864இல் பம்பாய் மாகாணத்திற்குப் பணியாற்ற வந்தார். அவர் மனைவி ஞானதாநந்தினி தேவி இங்கே ஒரு பார்சிக் குடும்பத்தாருடன் தங்கி, பார்சிப் பெண்டிர் புடவை கட்டும் முறையைக் கற்றார். அவர்கள் முன்தானையை வலத்தோள்வழி முன்னே கொணர்வர். ஞானதாநந்தினி அதனை இடத்தோளுக்கு மாற்றி, வலக்கையை வேலைக்கு விடுவித்தார். இரவிக்கையும் உட்பாவாடையும் சேர்த்தார். வங்காளத்தில் இக்கட்டு ‘பம்பாய் தஸ்தூர்’ எனப் பெயர்பெற்றது. பிரம்ம சமாஜப் பெண்டிர் அதனைத் தோளில் அழகூசியாற் பொருத்தினர். இன்று நாடெங்கும் பரவியுள்ள கட்டு ஆந்திரத்து நிவிக் கட்டோடு இணைத்துப் பேசப்படுவது. அதனை மேற்றட்டுப் பொதுவுடையாக ஆக்கியதில் மும்பையின் பங்கும் கருதத்தக்கது. விலை மலிந்த ஊக்கின் வரலாறும் இக்காலத்ததே: நியூயார்க்கில் வால்ட்டர் ஹண்ட் என்பார் அதற்கு 1849இல் காப்புரிமை பெற்றார். வளைந்த கம்பியும் கொளுவியும் கொண்ட அதன் அமைப்பு, மத்தியதரைக் கடற்பகுதியில் ஈராயிரம் ஆண்டுகட்குமுன் வழங்கிய உடையூசியின் அமைப்பை மிகவும் ஒத்தது.

எனவே கிரேக்க உடைக்கும் தமிழ்ப் புடவைக்கும் உள்ள உறவு தோற்றத்தில் இல்லை; செருகலால் நின்ற உடையில் ஊசி புகுந்தது மிகப் பிற்காலத்தில், அதுவும் பெண் வீட்டைவிட்டுக் கூட்டத்தினூடே செல்லத் தொடங்கிய காலத்தில்.

மாட்டுங்காவும் தாராவியும்

1896இல் மும்பையைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் அமைந்த நகர் மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்காப் பகுதிகளைத் திருத்தி வீட்டுமனைகளாக்கியது. அங்குக் குடியேறிய தமிழர் பலர் எழுத்தர், கணக்கர், ஆசிரியர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றியது இவர்களிடையேயாம். இல்லத்துப் பெண்டிரின் கட்டு மடிசார்: ஒன்பது கெஜப் புடவை, கால்களுக்கு இடையே கச்சமிட்டுப் பின்னே செருகுவது. அதனுள்ளும் வேறுபாடு உண்டு. ஐயர் இல்லத்தில் முன்தானை வலத்தோளிலும், ஐயங்கார் இல்லத்தில் இடத்தோளிலும் செல்லும். அயலார் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் உடை, உள்ளறிந்தார்க்குச் சமயப்பிரிவையே சொல்லிவிடும். அதே தெருவில் மராத்தியப் பெண்ணும் நௌவாரி என்னும் ஒன்பது கெஜத்தையே கச்சமிட்டுக் கட்டினாள். அளவும் ஒன்று, கச்சமும் உண்டு. ஆயினும் ஒருவர் கட்டை மற்றவர் கட்டாகக் கொள்வது அரிது. மராத்தியக் கட்டில் இரு காலும் பிரிந்து தோன்றும். மடிசாரில் மேலும் ஒரு சுற்று வந்து கச்சத்தை ஒருபுறம் மறைக்கும்.

தாராவியின் நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையினின்றும் தோல்பதனிடும் தொழிலுக்கு வந்தோர் அங்கே குடியேறினர். 1887இல் கட்டப்பட்ட பெரிய பள்ளிவாசல் அக்காலத் தமிழ் இசுலாமியர் குடியிருப்பிற்குச் சான்று. இச்சீமைப் பெண்டிரின் பழைய கட்டு பின்கொசுவம். கொசுவத்தை முன்னே வைக்காது பின்னே வைத்து, அதன் தலைப்பை விசிறிபோல் வெளியே மடித்துவிடுவர். அடுப்பின்முன் குனிபவளுக்கும், சேற்றில் நிற்பவளுக்கும் முன்புறம் துணி தளர்ந்து தொங்காமை பெரும் வசதி. ஊக்கு வேண்டாம், உட்பாவாடையும் வேண்டாம். பழையதான புடவை குடிசையின் விட்டத்தில் தூளியாகும். கிரேக்கரும் ஹிமாட்டியோனை இரவிற் போர்வையாகக் கொண்டனர். வெட்டாத துணிக்கு ஒரு பயனோடு நிற்கும் விதியில்லை.

பின்வந்தது செம்பூர். 1950களில் திராம்பே பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் அமைய, அங்குப் பணிபுரிந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியிற் பெருகின. ஐந்தரை கெஜமும் ஊக்கும் இவர்தம் நாளுடை. மடிசார் திருமணத்திற்கும் நோன்பிற்கும் உரியதாயிற்று. தாராவியிலும் பின்கொசுவம் மூத்தோரிடம் ஒதுங்கியது. ஊர், சாதி, சமயப்பிரிவு ஆகியவற்றைக் காட்டிய கட்டுகள் அலுவலகத்திலும் ஆலையிலும் ஒரே கட்டாக ஒடுங்கின. இதனை இழப்பென்று மட்டும் கொள்வது பொருந்தாது. சாதியை இடுப்பில் ஏந்தித் திரியவேண்டாத நிலை தாராவிப் பெண்ணுக்கு ஆதாயமாகவே இருந்திருக்கும். 1966க்குப் பின் இந்நகரில் தென்னிந்தியர்க்கு எதிரான கிளர்ச்சி எழுந்தபோது வசைச்சொல்லாக வழங்கியது தமிழ் ஆடவரின் ‘லுங்கி’. சுற்றுடை அயலாரை எளிதிற் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இதுவும் சான்று.

கட்டும் ஆணையும்

கிரேக்க, தமிழ் உடைகளின் மெய்யான ஒப்புமை இங்கேதான் தொடங்குகிறது. தைத்த உடையில் தகுதியைத் தையற்காரன் வெட்டிவைக்கலாம். தைக்காத துணியிலோ, துணி ஒன்றேயாயினும் கட்டும் முறையே தகுதி. ஆகவே ஆள்வோர் கட்டின்மேல் ஆணை செலுத்த முற்பட்டனர்.

எரொடோட்டசு கூறும் செய்தி ஒன்று. ஏதென்சு நகரத்தார் ஏஜினாத் தீவின்மேல் படையெடுத்துத் தோற்றபோது ஒருவன் மட்டுமே உயிர்தப்பித் திரும்பினான். இறந்தோரின் மனைவியர் அவனைச் சூழ்ந்துகொண்டு, தத்தம் கணவர் எங்கே எனக் கேட்டுத் தம் உடையூசிகளாற் குத்திக் கொன்றனர். அதுமுதல் ஏதென்சுப் பெண்டிர் ஊசி வேண்டாத அயோனியக் கிட்டோனை அணியச் செய்யப்பட்டனர். பகைநாட்டாரோ தம் பெண்டிரின் ஊசியை மேலும் நீட்டினர். இது நடந்ததோ, உடைமாற்றத்திற்குப் பின்னாளிற் புனைந்த காரணமோ, எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: பெண்ணின் உடையை மாற்றும் உரிமை நகரத்து ஆடவரிடம் இருந்ததாகவே கேட்டோர் கருதினர். கி.மு. 92-91ஐச் சார்ந்ததெனப் பொதுவாகக் கொள்ளப்படும் அந்தானியாக் கல்வெட்டு இதனினும் நுணுக்கமானது. சமய விழாவிற்கு வரும் பெண்டிர் ஊடுதெரியும் துணி உடுத்தலாகாது. கரையின் அகலம் அரைவிரற்கு மேற்படலாகாது. குடிப்பெண்ணின் உடை 100 திராக்குமாவையும், அடிமைப் பெண்ணின் உடை 50 திராக்குமாவையும் மிஞ்சலாகாது. இவற்றைப் பார்வையிட அலுவலரும் உண்டு.

திருவிதாங்கூரின் தோள்சீலை வரலாறு தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. ஆயினும் உடையமைப்பின் கண்கொண்டு அதனை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நாடார் பெண்டிர் மேலாடை அணியத் தடை இருந்த காலத்தில், 1814இல் வந்த ஆணை, கிறித்தவரான பெண்டிர்க்குக் குப்பாயம் என்னும் தைத்த சட்டையை அனுமதித்தது. உயர்சாதியார்போல் தோள்சீலை இடுதலை அனுமதிக்கவில்லை. 1829ஆம் ஆண்டு ஆணையும் அத்தடையை வலியுறுத்தியது. கலவரங்களுக்குப்பின், சென்னை ஆளுநர் சார்லசு டிரெவெல்யனின் வற்புறுத்தலால் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் 1859 ஜூலை 26இல் விடுத்த ஆணையும் மார்பை மறைக்க இசைந்தது. உயர்சாதிப் பெண்டிர் இடும் முறையில் இடுவதை மட்டும் விலக்கியது. மானம் மறைத்தல் மட்டுமே சிக்கலாக இருந்திருப்பின் 1814இலேயே அது தீர்ந்திருக்கும். சட்டை மறைக்கும்; ஆயின் சட்டை தகுதி தராது. ஒரு முழத் துணி எந்தத் தோளின்மேல் எவ்வாறு விழுகிறது என்பதற்காகவே அரை நூற்றாண்டுப் போராட்டம் நடந்தது. துணியையே மறுத்த சட்டமன்று அது. மடிப்பை மறுத்த சட்டம்.

திருநெல்வேலிக்கு அண்டை நாட்டில் இவ்வாணை பிறந்து ஒரு தலைமுறை கழிந்ததும் தாராவிக் குடியேற்றம் தொடங்கியது என்பது கருதத்தக்கது. அங்கே வந்தோர் எந்தக் கட்டை விடுத்து எந்தக் கட்டை மேற்கொண்டனர் என்பது உடைவரலாறாக மட்டுமன்றிச் சமூக வரலாறாகவும் ஆராயப்பட வேண்டியது.

அதற்குரிய சான்றோ கரைந்துவருகிறது. அருங்காட்சியகங்கள் புடவையை மடித்துக் கண்ணாடிப் பேழையில் வைக்கின்றன. அங்கே துணி இருக்கிறது, கட்டு இல்லை. கிரேக்க நிலை இதற்கு நேர்மாறானது: துணி அழிந்தது, கட்டு கல்லில் எஞ்சியது. எழுத்திலும் எஞ்சியது. ஏதென்சை அடுத்த பிராவுரோன் என்னுமிடத்து ஆர்த்தெமிசுத் தெய்வத்திற்குப் பெண்டிர் சாத்திய ஆடைகளின் பட்டியல்கள் கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளாகக் கிடைத்துள்ளன. கொடுத்தவள் பெயர், உடைவகை, நிறம், கரை ஆகியவற்றோடு, கந்தலானது, பாதி நெய்தது என்னும் குறிப்புகள்கூட அவற்றில் உண்டு. நம் அம்மன் கோயில்களிலும் புடவை சாத்துகின்றனர். சாத்தியவள் பெயர் கல்லில் ஏறுவதில்லை.

பிரெஞ்சு ஆய்வாளர் சாந்தால் புலான்சே தமிழகம் உள்ளிட்ட பல பகுதிகளின் புடவைக்கட்டுகளைக் கட்டுபவரிடமே கற்று, 1997இல் நூலாக வெளியிட்டார். மும்பைத் தமிழரிடையே அத்தகைய தொகுப்பிற்குப் பெரும் இடமுண்டு. மடிசாரில் முதல் முடிச்சு விழும் இடம், பின்கொசுவத்தின் மடிப்பெண்ணிக்கை, தலைப்பை வெளியே விடும் அளவு, ஒவ்வொரு செருகலுக்கும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வழங்கும் பெயர், அக்கட்டு கைவிடப்பட்ட ஆண்டு, கைவிட்டதற்குக் கட்டியவரே கூறும் காரணம் ஆகியவை கட்டத் தெரிந்த மூதாட்டியர் உள்ளபோதே பதிவு செய்யப்பட வேண்டியவை.